நட்சத்திரம் இருந்தால் போதுமா?

கேள்வி: இணைய ஏலத்தில் ஒரு பித்தளைப் பூச்சாடி பார்த்தேன். முதல் உலகப் போரில் சுட்ட பீரங்கிக் குண்டின் உறையாம். அதன்மேல் ஆறுமுனை நட்சத்திரம், ஹீப்ரு எழுத்துகள், போதாததற்கு '38ஆம் பட்டாலியன், ராயல் ஃப்யூசிலியர்ஸ், 1916' என்று ஆங்கிலத்திலும் செதுக்கியிருக்கிறது. யூதச் சிப்பாய் ஒருவர் பதுங்குகுழியில் உட்கார்ந்து செய்தது என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: வேண்டாம். அந்த 1916தான் காட்டிக்கொடுக்கிறது. ராயல் ஃப்யூசிலியர்ஸ் என்பது பிரிட்டிஷ் ராணுவத்தின் ஒரு படைப்பிரிவு; அதன் 38ஆம் பட்டாலியன் யூதர்களுக்கென்றே திரட்டப்பட்ட படைதான், ஆனால் அது உருவானதே 1917இல், பாலஸ்தீனப் போர்முனைக்குப் போனது 1918இல். தன் படை பிறப்பதற்கு முந்தைய வருடத்தை எந்தச் சிப்பாய் செதுக்குவான்?

உறை அசலாகவே இருக்கலாம். போரில் கோடிக்கணக்கில் சுட்டுத் தள்ளிய சாமான், இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. பித்தலாட்டம் நடப்பது செதுக்கலில்; ஒரு நட்சத்திரம் ஏறினால் விலையும் ஏறுகிறது. ஆறுமுனை நட்சத்திரம் முருகனுக்கும்தான் உண்டு, அதை மட்டும் வைத்து யூதர் செய்தது என்று சொல்லிவிட முடியாது.

இனி இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் முதலில் அடிப்பாகத்தின் படம் கேளுங்கள். ஜெர்மன் உறைகளில் தயாரித்த மாதமும் வருடமுமே பொறித்திருக்கும், செதுக்கிய தேதி அதற்கு முந்தையதாக இருந்தால் போலிதான், பேச்சே இல்லை. அப்புறம் பூதக்கண்ணாடி. நூறு வருடக் கோடு என்றால் பள்ளத்துக்குள்ளும் கறுப்பும் களிம்பும் ஏறியிருக்க வேண்டும். சுற்றிலும் மங்கலாக இருந்து கோடு மட்டும் புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி மின்னினால் அது நேற்றைய வேலை. (பாலிஷ் போட்டே பழக்கப்பட்ட வீட்டுச் சாமானில் இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது, ரசாயனம் தடவிக் கறுக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள்.) ஹீப்ரு தெரிந்த யாரிடமாவது எழுத்தையும் காட்டுங்கள். வலமிருந்து இடமாக எழுதும் மொழி அது, ஐந்து எழுத்துகளுக்குச் சொல்லின் கடைசியில் வேறு வடிவம் வரும். போலி செய்பவர்கள் இதில்தான் சறுக்குவார்கள். யூத நாட்காட்டியின்படி ஹீப்ரு வருடம் இருந்தால் அதையும் கணக்குப் பாருங்கள்: 5678 என்பது 1917 செப்டம்பரிலிருந்து 1918 செப்டம்பர் வரை.

இன்னொன்று, அசல் எல்லாமே பதுங்குகுழியில் பிறந்ததும் அல்ல. டமாஸ்கஸின் யூதக் கைவினைஞர்கள் இதே குண்டு உறைகளில் வெள்ளியும் செம்பும் பதித்து, ஹீப்ரு வாசகம் எழுதி விற்றிருக்கிறார்கள். சிப்பாய் கதை அதற்குக் கிடையாது, வேலைப்பாடு மட்டும் பிரமாதமாக இருக்கும். என் கையில் காசு இருந்தால் நான் அதைத்தான் தேடுவேன்.