வலிப்பு நிற்காவிட்டால்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

என் மகளுக்கு 4 வயது, எடை 15 கிலோ. மரபணுப் பரிசோதனையில் டிராவே சிண்ட்ரோம் (மரபணுக் கோளாறால் சிறு வயதிலேயே தொடங்கும் கடுமையான வலிப்பு நோய்) என்று சொன்னார்கள். மூன்று மருந்து கொடுத்தும் காய்ச்சல் வந்தால் வலிப்பு நிற்பதே இல்லை. சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி ஆஸ்பத்திரி சேர வெகுநேரம் ஆகிறது. மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயை எப்போது கொடுப்பது?
– ஒரு தாய், பொம்மனஹள்ளி, பெங்களூரு

வலிப்பு தொடங்கியதுமே கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டிய வலிப்பு தானாக அடங்குவது அரிது. எனவே அதற்குள் மிடாசோலாம் ஸ்பிரே (வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மருந்து) அடித்தாக வேண்டும். எப்போதுமே வலிப்பு நீளும் குழந்தை என்றால் இன்னும் முன்னதாகவே அடிக்கச் சொல்வோம். உங்கள் மருத்துவரிடம் நேரத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நரம்பணுவின் மேல் இந்த மருந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகள், வலிப்பு நீள நீள நரம்பணுவுக்குள் இழுக்கப்பட்டுவிடும். ஆரம்பத்தில் கேட்கும் அளவு அரை மணி கழித்துக் கேட்காமல் போவது இதனால்தான். ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்கவே கூடாது.

அளவு பொதுவாகக் கிலோவுக்கு 0.2 மி.கி. உங்கள் மகளுக்கு 3 மி.கி. ஒரு தடவை அழுத்தினால் 0.5 மி.கி. வரும் பாட்டில் என்றால் 6 தடவை, மூக்கின் இரு பக்கமும் மூன்று மூன்றாக. 1.25 மி.கி. தரும் பாட்டிலும் உண்டு. லேபிளைப் படிக்காமல் எண்ணாதீர்கள். மருந்து வேலை செய்யவில்லை என்று வருபவர்களில் பலருக்கு அளவுதான் போதவில்லை: எடை கூடியும் பழைய சீட்டையே வைத்திருப்பார்கள். புதுப் பாட்டிலைச் சீரான புகைபோல வரும்வரை காற்றில் அழுத்திவிட்டு வையுங்கள். சளி இருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள்.

அடித்ததும் ஒருக்களித்துப் படுக்க வைத்து மூச்சைக் கவனியுங்கள். வாயில் தண்ணீர், ஸ்பூன் எதுவும் வேண்டாம். உங்கள் தூரத்துக்கு, ஸ்பிரேயை எடுக்கும்போதே 108-ஐ அழைத்துவிடுங்கள். மூச்சு மந்தமாகலாம் என்பதால் இரண்டாவது அளவை மருத்துவர் எழுதித் தந்திருந்தால் மட்டுமே கொடுக்கலாம்.

இன்னொன்று, தவிர்க்க வேண்டிய மருந்துகளை எழுதி வாங்குவதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அவசரப் பிரிவில் அடுத்து ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு ஊசி போடுவது பல இடங்களில் வழக்கம். டிராவேயில் மூளையை அடக்கி வைக்கும் நரம்பணுக்களின் சோடியம் சேனல்கள் (சோடியம் உள்ளே நுழையும் வாயில்கள்) ஏற்கெனவே பலவீனம். ஃபெனிட்டாயின் அதே சேனலை அடைப்பதால் வலிப்பு மோசமாகலாம். லெவடிரசெட்டாம் அல்லது வால்ப்ரோயேட் ஊசி ஏற்றது. தினசரி மருந்தாக கார்பமசெபைன், ஆக்ஸ்கார்பசெபைன், லாமோட்ரிஜினும் வேண்டாம். நோயின் பெயர், கோளாறுள்ள மரபணு (எஸ்சிஎன்1ஏ), எடை, இப்போதைய மருந்துகள், தவிர்க்க வேண்டியவை எல்லாம் ஒரே தாளில், மருத்துவர் கையெழுத்துடன் பையில் இருக்கட்டும். பள்ளிக்கும் பக்கத்து வீட்டுக்கும் கன்னடத்தில் ஒரு நகல் கொடுங்கள்.

மகன் வலிப்புக்காகக் கீட்டோஜெனிக் உணவில் (கொழுப்பு அதிகம், மாவுச்சத்து மிகக் குறைவு) இருக்கிறான். காய்ச்சலுக்கு சிரப் கொடுக்கலாமா?
– ஒரு தந்தை, மாரத்தஹள்ளி, பெங்களூரு

இனிப்பு சிரப்பில் உள்ள சர்க்கரை, கொழுப்பிலிருந்து உடலில் உருவாகும் கீட்டோன் அளவைக் குறைத்து வலிப்பைத் திருப்பிக் கொண்டுவரலாம். அதே மருந்தைப் பொடித்த மாத்திரையாகக் கொடுக்க மருத்துவரிடம் அளவு கேளுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் முதலிலேயே சொல்லுங்கள்: குளுக்கோஸ் டிரிப் வேண்டாம், நார்மல் சலைன் (உப்பு நீர் டிரிப்) போதும். ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிட்டால் மட்டும் குளுக்கோஸ் தேவைப்படும், அப்போது தடுக்காதீர்கள்.