வாசகர் கேள்வி பதில்: சமூக அறிவியல் படிப்பு

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ படிக்கிறாள். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் படிக்க விரும்புகிறாள். “மார்க் குறைந்தவர்கள் எடுக்கும் படிப்பு அது” என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். அனுப்பலாமா?
- ஒரு வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: தாராளமாக அனுப்புங்கள். உறவினர்கள் சொல்வது, பாடநூலை மனப்பாடம் செய்து தேர்வெழுதும் முறையைப் பார்த்து வந்த எண்ணம். நல்ல பல்கலைக்கழகங்களில் இப்படிப்பு அவ்வாறு நடப்பதில்லை.

எடுத்துக்காட்டாக, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916ஆம் ஆண்டு வாக்கில் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று விசாரித்து எழுதச் செய்தார். 1918இல் நூலாக வெளிவந்த அந்த ஆய்வில் உங்கள் விருதுநகர் மாவட்டத்து வடமலைபுரமும் இடம்பெற்றது. அதே ஆய்வில் இருந்த விழுப்புரம் பகுதி இருவேல்பட்டுக்கு 1930களிலும், 1981இலும், 2008இலும் ஆய்வாளர்கள் மீண்டும் சென்றதால்தான், ஒரே ஊரின் நிலவுடைமையும் கூலியும் சாதி உறவும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டில் எப்படி மாறின என்று இன்று ஆதாரத்தோடு பேச முடிகிறது. வீடு வீடாகச் சென்று கேட்பதும், கேட்டதைச் சரிபார்ப்பதும், எண்களாக்கிப் பொருள் கொள்வதும் மதிப்பெண் குறைந்தவர்களுக்கென ஒதுக்கப்பட்ட எளிய வேலைகள் அல்ல.

1974இல் தொடங்கப்பட்ட ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில், பிளஸ் டூ முடித்தவர்கள் நேரடியாகச் சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.ஏ. உள்ளது. முதன்மைப் பாடத்தோடு பிற சமூக அறிவியல் பாடங்களையும் சேர்த்துப் படிக்க வாய்ப்பிருப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். வரலாறு அறியாத பொருளியலும், எண்களைக் கண்டு அஞ்சும் சமூகவியலும் அரைகுறையாகவே நின்றுவிடும். மகள் எந்தப் பாடத்தைத் தேர்ந்தாலும் புள்ளியியலை ஒதுக்கிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். பொருளியலில் நாட்டம் இருந்தால் மேல்நிலையில் கணிதம் படித்திருக்கிறாரா என்பதும் முக்கியம். டெல்லி பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பி.ஏ. பொருளியல் ஆனர்ஸில் சேரக் கணிதம் கட்டாயம்.

2022 முதல் மத்தியப் பல்கலைக்கழக இளநிலைச் சேர்க்கை பெரும்பாலும் கியூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு வழியாகவே நடக்கிறது. பொதுத்தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் விண்ணப்பக் காலம் கடந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் தகுதியான பல பிள்ளைகள் இதனால்தான் வாய்ப்பை இழக்கிறார்கள்.

வேலையைப் பொறுத்தவரை, பட்டம் முடித்தவுடன் வளாகத் தேர்வில் பெரிய சம்பளம் கிடைக்கும் என்று நம்பி அனுப்பாதீர்கள். முதுநிலைக்குப் பின் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் முனைவர் பட்ட ஆய்வுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆசிரியப் பணி, குடிமைப் பணித் தேர்வுகள், ஆய்வு நிறுவனங்கள், இதழியல் ஆகிய வழிகளும் திறந்திருக்கின்றன.

கேள்வி: தமிழ்வழியில் படித்தவர் அங்கே ஈடுகொடுக்க முடியுமா?
- அதே வாசகி

பதில்: கியூட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். வகுப்பும் வாசிப்பும் ஆங்கிலத்தில் இருப்பதால் முதல் ஆண்டு கடினமாகவே இருக்கும். இப்போதிருந்தே நாளிதழின் தலையங்கப் பக்கத்தை ஆங்கிலத்தில் படித்து, அதன் வாதத்தைத் தமிழில் ஒரு பத்தியாக எழுதிப் பழகட்டும். சேர்ந்த பிறகு அதே பத்தியை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கலாம்.