கால்சியம் குறைவா? ஆல்புமினையும் பாருங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு லேபில் இருபது வருடமாக ரத்தம் எடுக்கிறேன். கால்சியம் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

தண்டையார்பேட்டை தம்பி: அண்ணே, அப்பாவுக்குக் கல்லீரல் கோளாறு, கால் வீக்கம். டோட்டல் கால்சியம் 7.6 என்று வந்திருக்கிறது. மாத்திரை வாங்கட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. அதே ரிப்போர்ட்டில் ஆல்புமின் எவ்வளவு?

தம்பி: 2 என்று இருக்கிறது.

அதுதான் சங்கதி. ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தில் கிட்டத்தட்ட பாதிதான் எதிலும் ஒட்டாமல் அயனியாகத் திரிகிறது. நரம்பு, தசை, இதயம் மூன்றுக்கும் வேலை செய்வது அந்தப் பாதிதான். சுமார் 40 சதவீதம் புரதத்தில், முக்கியமாக ஆல்புமினில், ஒட்டிக்கிடக்கும். மிச்சம் சிட்ரேட், பாஸ்பேட் போன்றவற்றோடு சேர்ந்திருக்கும். டோட்டல் என்பது எல்லாம் சேர்ந்த கணக்கு. ஆல்புமின் குறைந்தால் அதில் ஒட்டியிருக்கும் பங்கும் குறையும், டோட்டல் இறங்கும். அயனி கால்சியம் சரியாகவே இருக்கலாம்.

ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கான கணக்கில், ஆல்புமின் 4 கிராமுக்குக் கீழே ஒவ்வொரு கிராம் குறைவுக்கும் கால்சியத்தோடு 0.8 மில்லிகிராம் கூட்டுவது வழக்கம். அப்பாவுக்கு 7.6 உடன் 1.6 சேர்த்தால் 9.2. இது 8.5 முதல் 10.5 வரையுள்ள நார்மலுக்குள் வருகிறது. ஆனால் இது தோராயக் கணக்குதான். ஐசியூவில் இருப்பவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் அடிக்கடி தப்பாகப் போகும். அங்கே அயனைஸ்டு கால்சியத்தையே, அதாவது அந்த அயனிப் பங்கையே, நேராக அளக்க வேண்டும். அதற்கு நார்மல் ஏறக்குறைய 4.5 முதல் 5.3. டாக்டரிடம் கேட்காமல் மாத்திரை வேண்டாம்.

காசிமேடு தங்கை: வீட்டில் சண்டை, மூச்சு வாங்கியது, விரலெல்லாம் இழுத்துக்கொண்டது. டோட்டல் நார்மல் என்கிறார்கள். அப்போ நான் நடித்தேனா?

இல்லவே இல்லை, தங்கச்சி. வேகமாக மூச்சு விட்டால் கார்பன் டைஆக்சைடு அதிகமாக வெளியேறும், ரத்தம் காரத்தன்மை அடையும். உடனே கூடுதல் கால்சியம் ஆல்புமினில் ஒட்டிக்கொள்ளும். டோட்டல் மாறாது, அயனி இறங்கும், விரல் இழுக்கும். மூச்சு நிதானமானதும் அதுவும் ஏறிவிடும். திரும்பவும் வந்தால் டாக்டரைப் பாருங்கள்.

ராயபுரம் அக்கா: அம்மாவுக்கு முந்தாநாள் தைராய்டு ஆபரேஷன். இப்போது உதடு மரத்துப்போகிறது என்கிறார்.

அக்கா, இப்போதே கிளம்புங்கள். ஆபரேஷன் செய்த இடம் தூரம் என்றால் ஸ்டான்லி அவசரப் பிரிவுக்குப் போங்கள். கால்சியத்தைக் கட்டுப்படுத்தும், பக்கத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி அடிபட்டுக் கால்சியம் சரிந்திருக்கலாம்.

வியாசர்பாடி, லேப் படிக்கும் மாணவி: அயனைஸ்டு சாம்பிளைக் காற்றுப் படாமல் வைக்கச் சொல்வது ஏன், அண்ணா?

நல்ல கேள்வி, பாப்பா. காற்றுப் பட்டால் கார்பன் டைஆக்சைடு பறந்துவிடும், காரத்தன்மை கூடும், அளவு குறைவாகக் காட்டும். அதனால் சிரிஞ்சில் ஒரு குமிழிகூட நிற்கக் கூடாது. தட்டி வெளியேற்றி உடனே மூடு. ரத்தம் உறையாமலிருக்க சிரிஞ்சில் சேர்க்கும் சாதாரண ஹெபரின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கால்சியம் சமன்செய்த ஹெபரினை வாங்கு.

ஊதா மூடிக் குழாயிடம் இன்னும் ஜாக்கிரதை. ஒருநாள் ஒருவருக்குக் கால்சியம் 3-க்குக் கீழே, பொட்டாசியம் எங்கேயோ ஏறி நின்றது. அவரோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சிவப்புக் குழாயில் ரத்தம் போதவில்லை என்று ஒரு ஜூனியர் ஊதாக் குழாயிலிருந்து ஊற்றியிருக்கிறார். ஊதாக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் ஈடிடிஏ என்ற பொட்டாசிய உப்பு கால்சியத்தைக் கவ்விக்கொண்டது, அதன் பொட்டாசியம் ரத்தத்தில் கலந்துவிட்டது. மறுபடி எடுத்துப் பார்த்தோம், 9.4. சிவப்பை முதலில் நிரப்பு, ஊதாவை அப்புறம்.