கலப்புக் கொயருக்கும் பெண்கள் கொயருக்கும் என்ன பாட்டு எடுக்கலாம்?

நாலு பார்ட்டும் (பெண்களில் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ; ஆண்களில் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பாஸ்) உள்ள கலப்புக் கொயர் ஒன்று, பெண்களும் சிறுவர்களும் மட்டும் பாடுவது ஒன்று, இரண்டுக்கும் பாட்டு கேட்டிருக்கிறீர்கள். நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு சபைக் கொயரில் ஆல்டோ பாடுகிறவள்.

முதலில் டெனர் எத்தனை பேர் என்று பாருங்கள். எங்கள் பக்கத்து டெனர் பையன்கள் பாதிப் பேர் கல்ஃபில். கிறிஸ்துமஸ் லீவுக்குத்தான் தலை காட்டுவார்கள். டெனர் தேறாத மாதங்களில் நாலு பார்ட்டை இழுத்துப் பிடிப்பதைவிட பெண்களை மட்டும் பாடவிடுவது எவ்வளவோ மேல்.

கலப்புக் கொயருக்கு என் முதல் சிபாரிசு மோட்சார்ட்டின் 'ஆவே வேரும் கார்ப்பஸ்', 1791. மொத்தம் 46 பார்தான் (பார் என்பது தாளத்தின் ஒரு கட்டம்). லத்தீன் என்று மிரள வேண்டாம். எங்கள் கொயரில் பாறசாலையிலிருந்து வருகிறவர்கள் மலையாள எழுத்திலும் நாங்கள் தமிழ் எழுத்திலும் எழுதி வைத்துக்கொள்கிறோம். யாருக்கும் சொந்த பாஷை இல்லாததால் சண்டையும் இல்லை. கஷ்டம் வேறு இடத்தில். தணிந்த குரலில் பாடு என்று ஆரம்பத்தில் ஒரே ஒரு குறிப்பைப் போட்டுவிட்டு மோட்சார்ட் ஒதுங்கிக்கொண்டார், ஏற்ற இறக்கம் எல்லாம் உங்கள் பொறுப்பு. 'எஸ்டோ நோபிஸ்' என்ற வரி வரும்போது பெண்கள் முதலில் எடுக்க, ஆண்கள் ஒரு பார் தள்ளி அதே வரியைப் பிடிக்க வேண்டும். பிராக்டிஸில் பாதி நேரத்தை அங்கே போடுங்கள்.

பெண்கள் கொயருக்கு மெண்டல்சனின் 'எலியா' என்ற ஆரட்டோரியோவில் (வேதக் கதையைப் பாட்டாகச் சொல்லும் பெரிய படைப்பு, 1846) வரும் 'லிஃப்ட் தைன் ஐஸ்'. சூரைச்செடியின் கீழ் படுத்திருக்கும் எலியாவுக்குத் தேவதூதர்கள் பாடுவது. வசனம் 121-ஆம் சங்கீதம், நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். இரண்டு சோப்ரானோ, ஒரு ஆல்டோ, கீபோர்டு கிடையாது. ஸ்ருதி இறங்கினால் அப்பட்டமாகத் தெரிந்துவிடும், அதனாலேயே நல்ல பயிற்சி. லெந்து காலத்துக்கு (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) பெர்கொலேசியின் 'ஸ்டாபாட் மாட்டர்' (1736) முதல் பகுதி போதும்.

ஹாலேலூயா கோரஸ்? கிறிஸ்துமஸுக்குக் கேட்பார்கள், பாடித்தான் ஆக வேண்டும். ஆனால் ஹேண்டல் தன் 'மெசையா'வில் அதை வைத்திருப்பது இரண்டாம் பாகத்தின் முடிவில், கிறிஸ்து பிறப்புப் பகுதியிலேயே இல்லை. ஈஸ்டருக்குத் தள்ளினால் சோப்ரானோக்களுக்கும் மூச்சு மிஞ்சும்.

பெஞ்சமின் பிரிட்டனின் 'எ செரிமனி ஆஃப் கேரல்ஸ்' (1942) சிறுவர் குரலுக்கென்றே எழுதியது. ஹார்ப் இல்லையென்றால் பியானோவில் சமாளிக்கலாம். ஆனால் அவர் இறந்தது 1976, நம் சட்டப்படி 2036 முடியும்வரை காப்புரிமை உண்டு. ஜெராக்ஸ் எடுக்காமல் புத்தகம் வாங்குங்கள். மற்றவற்றின் பழைய பதிப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.