ஏஆர்-விஆர் படிப்பில் மகளைச் சேர்க்கலாமா? ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பிளஸ் டூவில் கணினி அறிவியல் பிரிவில் படிக்கும் உங்கள் மகள், தொடுதிரை, கைச்சைகை, விஆர் ஹெட்செட் ஆகியவற்றின் வழியே மனிதர்கள் கணினியைக் கையாளும் விதத்தை வடிவமைக்கும் துறைக்குத்தான் போவேன் என்று உறுதியாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ‘ஏஆர்-விஆர்’ (கண்முன் உள்ள காட்சியில் கணினிப் படங்களைச் சேர்ப்பது ஏஆர், முழுக்கக் கணினி உருவாக்கிய காட்சிக்குள் நம்மை ஆழ்த்துவது விஆர்) என்றே பெயரிட்ட நான்காண்டு பி.டெக். படிப்புக்கு ஒரு தனியார் கல்லூரி இப்போதே முன்பணம் கேட்பதாகவும் குறிப்பிட்டிருந்தீர்கள். துறை நல்ல துறை. அந்தப் படிப்பைப் பற்றித்தான் எனக்குத் தயக்கம்.

இந்தத் துறையில் கருவிகளின் ஆயுள் குறைவு. உடலசைவையே கட்டளையாக எடுத்துக்கொள்ளும் மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட் 2010இல் பெரும் பரபரப்போடு வந்து, 2017இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2013இல் முதலில் வாங்கியவர்கள் பெருமையோடு அணிந்து திரிந்த கணினிக் கண்ணாடியான கூகுள் கிளாஸின் பொது விற்பனை 2015இல் நின்றது. மைக்ரோசாஃப்ட்டின் ஏஆர் ஹெட்செட்டான ஹோலோலென்ஸும் 2024இல் உற்பத்தியை முடித்துக்கொண்டது. ஃபேஸ்புக் நிறுவனம் 2021 அக்டோபரில் மெட்டா என்று பெயர் மாற்றியதும், மெட்டாவெர்ஸ் (பலர் சேர்ந்து உலவும் மெய்நிகர் உலகம்) என்ற சொல் பாடத்திட்டங்களிலும் விளம்பரங்களிலும் அவசர அவசரமாக நுழைந்தது. அந்த வேகத்தில் சேர்ந்த பிள்ளைகள் பட்டம் வாங்கும்போது வேலைச் சந்தையில் பேச்செல்லாம் செயற்கை நுண்ணறிவாக இருக்கிறது. ஒரு கருவியின் பெயரில் தொடங்கும் நான்காண்டுப் படிப்பு, அந்தக் கருவி நான்காண்டு நிலைக்கும் என்று பந்தயம் கட்டுகிறது. அந்தப் பந்தயத்துக்கான பணம் உங்களுடையது.

மாறாத அடிப்படைகள் இதே துறையில் நிறையவே உண்டு. விரல் பட்டதை மின்தேக்கத்தின் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் திறன்) வழியாக அறியும் தொடுதிரையைப் பற்றி பிரிட்டனைச் சேர்ந்த ஈ. ஏ. ஜான்சன் 1965இலேயே எழுதினார். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு அவர் மனதில் இருந்த பயன்களில் ஒன்று. எழுபதுகளில் ஜெனீவாவின் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகம் தன் கட்டுப்பாட்டு அறைக்கு அத்தகைய திரைகளைச் செய்துகொண்டது. 2007இல் ஐஃபோன் வந்த பிறகுதான் அது சாமானியரின் கைக்குப் பரவலாக வந்தது. இலக்கு தொலைவில் இருந்தாலோ சிறிதாக இருந்தாலோ அதை அடையக் கை எடுத்துக்கொள்ளும் நேரம் கூடும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் வகுத்த விதியை வைத்துத்தான் இன்றும் பொத்தானின் அளவையும் இடத்தையும் முடிவு செய்கிறார்கள்.

உங்கள் மகளிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பாருங்கள்: கை ஈரமாக இருக்கும்போது செல்போன் ஏன் சொன்னபடி கேட்பதில்லை? திரைக் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் நெருங்கும்போது அந்த இடத்தில் மின்தேக்கம் மாறுகிறது. அந்த மாற்றத்தை ஒரு சில்லு இடைவிடாமல் அளந்து, விரல் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. நீர்த்துளியும் அதே மாற்றத்தை உண்டாக்கக்கூடியது என்பதால், எது விரல், எது துளி என்று பிரித்தறிய நிரல் எழுத வேண்டியிருக்கிறது. இந்த விளக்கத்தைக் கேட்டு அவர் மேலும் கேள்வி கேட்டால் மின்னணுவியலும் நிரலாக்கமும் அவருக்குப் பொருந்தும். ‘ஈரக்கையோடு போனைத் தொடுபவர் யார், சமையலறையில் இருப்பவரா, மீன் விற்பவரா?’ என்று அவர் யோசித்தால் வடிவமைப்புப் பக்கம் அனுப்பலாம்.

இது வெறும் அழகுபடுத்தும் வேலை என்று உறவினர் யாராவது சொன்னால், 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே நடந்ததைச் சொல்லுங்கள். அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற போர்க்கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலுடன் மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். வேகக் கட்டுப்பாட்டை ஒரு தொடுதிரையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியபோது கப்பலைச் செலுத்தும் இரண்டு உந்திகளின் இணைப்பு பிரிந்துபோனதையும், ஒன்றின் வேகம் மட்டுமே குறைவதையும் குழுவினர் உணரவில்லை. கப்பல் ஒரு பக்கமாகத் திரும்பியது. பயிற்சிக் குறைவோடு திரையின் வடிவமைப்பையும் விசாரணை குறைகூறியது. அதன்பின் கையால் பிடித்துத் தள்ளும் நெம்புகோல்களுக்கே திரும்புவதென்று கடற்படை முடிவு செய்தது. கார்களிலும் இதே விவாதம் நடக்கிறது. ஐரோப்பாவின் யூரோ என்கேப் பாதுகாப்பு மதிப்பீடு, 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான் அல்லது நெம்புகோல் இருப்பதையும் கணக்கில் எடுக்கிறது. எங்கே திரை கூடாது என்று சொல்லத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் மதிப்பு அதிகம்.

இனி வழிகள். ஐஐடி பாம்பே நடத்தும் யூசீட் (UCEED) என்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வை எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்தவரும் எழுதலாம். பாம்பே, குவாஹாட்டி, ஹைதராபாத் உள்ளிட்ட ஐஐடிகளின் பி.டெஸ். (வடிவமைப்பில் இளநிலைப் பட்டம்) இடங்களுக்கு அதுதான் வாசல். அதில் வரையும் பகுதி உண்டு, ஆனால் ஓவியரைத் தேடும் தேர்வு அல்ல அது. நினைத்ததைக் கோட்டில் காட்டத் தெரிந்தால் போதும், அதைப் பழகிக்கொள்ள முடியும். அகமதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. இவை கிடைக்காவிட்டால், நம் கவுன்சலிங் வழியாக ஒரு நல்ல கல்லூரியில் கணினி அறிவியலோ மின்னணுவியலோ படித்துவிட்டு, பிறகு சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெஸ். என்ற வடிவமைப்பு முதுநிலைப் படிப்பில் சேரலாம். வெளிப்படையாகச் சொன்னால், உங்கள் மகளின் கணித மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு நான் முதலில் பரிந்துரைப்பது கடைசியாகச் சொன்ன இந்த வழியைத்தான்; மனம் மாறினாலும் கையில் ஒரு முழுமையான பொறியியல் பட்டம் இருக்கும். விஆர் மீதான ஆர்வமும் வீணாகாது. விஆர் காட்சிகளை உருவாக்கும் மென்பொருள்களில் யூனிட்டிக்குத் தேவையான சி ஷார்ப், அன்ரியலுக்குத் தேவையான சி பிளஸ் பிளஸ் ஆகிய நிரல்மொழிகளையும் பட்டப்படிப்போடு சேர்த்தே கற்கலாம். இத்துறைக்கென ஐஐடி மெட்ராஸில் எக்ஸ்டிக் என்ற ஆய்வு மையமும் இயங்குகிறது.

வேலையைப் பற்றியும் மிகைப்படுத்த விரும்பவில்லை. முதல் வேலை பெரும்பாலும் அந்தரத்தில் தோன்றும் முப்பரிமாணப் படமான ஹோலோகிராமாக இருக்காது. ஒரு வங்கிச் செயலியின் பணம் அனுப்பும் பக்கத்தைத் திருத்துவதாக இருக்கும். திரைகளை வரைந்து தரும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு வேகமாகச் செய்யத் தொடங்கிவிட்டதால், வரைய மட்டும் தெரிந்தவருக்கு இடம் சுருங்குகிறது. பயனரை நேரில் கவனித்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று கண்டுபிடிப்பவருக்கு அந்த நெருக்கடி குறைவு. தமிழில் பேசித் தேடுகிறவர்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கிற முதியவர்கள், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்துக்கொண்டு போனைக் கையாளும் பார்வையற்றோர் ஆகியோருக்காக வடிவமைக்க, தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவர் குழுவில் தேவைப்படுகிறார்.

தேர்வு முடிந்ததும் ஒருநாள் மகளை உங்கள் ஊர் ரயில் நிலையத்துக்கு அழைத்துச் சென்று, தானியங்கி டிக்கெட் இயந்திரத்தின் அருகே ஒரு மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். யார் எந்தத் திரையில் நின்றுவிடுகிறார், யார் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார், யார் பேசாமல் கவுண்டர் வரிசைக்குத் திரும்புகிறார் என்பதைக் குறித்து, ஒரே ஒரு திரையை மட்டும் மாற்றி வரையட்டும். சலிப்பில்லாமல் அதைச் செய்தால் அவர் ஆர்வம் உண்மையானது. அந்தத் தாள்களே பின்னாளில் நேர்முகத் தேர்வுக்கு எடுத்துச்செல்லும் முதல் படைப்பாகவும் இருக்கும்.

அந்தக் கல்லூரிக்கு இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். ஆய்வகத்தில் ஹெட்செட் எத்தனை, அவை எந்த ஆண்டு வாங்கியவை, பாடத்திட்டத்தில் நேரியல் இயற்கணிதமும் கணினி வரைகலையும் எந்தப் பருவத்தில் வருகின்றன, பயனர் ஆய்வைக் கற்பிப்பவர் யார் என்று கேட்டுக் கடிதம் எழுதுங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுவோம்.