பூட்டு ஊசியில் பசை வேண்டாம்

கேள்வி: எனக்கு 36 வயது. நானும் மனைவியும் மனமொத்து, ஆண்களுக்கான கற்புப் பூட்டைப் பயன்படுத்துகிறோம். ஆணுறுப்பை மூடும் பிளாஸ்டிக் கூடு, விரைப்பைக்குப் பின்னால் உட்காரும் வளையம், இரண்டையும் சேர்த்துப் பூட்டும் ஊசி. பூட்டியிருந்தாலும் பின்பக்கமாக உருவிக்கொள்ள முடிகிறது. வளையத்தின் உட்புறம் இன்சுலேஷன் டேப் சுற்றிச் சிறிதாக்கினேன். விடியற்காலையில் வலியோடு விழித்தேன். எஃகு வளையம் மாற்றி, பூட்டு ஊசியைப் பசை போட்டு ஒட்டிவிடலாமா?

பதில்: அந்த டேப்பை இன்றே உரித்துவிடுங்கள். பசையை நினைத்தும் பார்க்காதீர்கள்.

தூக்கத்தில் கனவுநிலை வரும்போதெல்லாம் ஆண்களுக்கு விறைப்பு ஏற்படும். ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து முறை. அது உங்கள் விருப்பத்தைக் கேட்டு வருவதில்லை. வளையம் இறுக்கமாக இருந்தால் தமனி வழியே ரத்தம் உள்ளே வந்துகொண்டிருக்கும், சிரை வழியே வெளியேற முடியாது. வீக்கம் கூடும், கூடக் கூட வளையம் இன்னும் இறுகும். உங்களை எழுப்பிய வலி இதன் தொடக்கம்தான்.

எஃகு வளையம் மாட்டிக்கொண்ட ஓர் இளைஞருக்கு ஒருமுறை நள்ளிரவில் சிகிச்சை அளித்தேன். விரல் மோதிரம் அறுக்கும் கருவி அதன்மேல் வழுக்கியதே தவிர வெட்டவில்லை. உலோகம் அறுக்கும் மின்கருவியை வரவழைத்து, தோலுக்கும் உலோகத்துக்கும் நடுவே மெல்லிய தகட்டைச் செருகி, சூடேறாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுத்தோம். வெட்கத்தால் அவர் பல மணி நேரம் தாமதித்து வந்திருந்தார். அந்தத் தாமதம்தான் எனக்கு இன்றும் வருத்தம்.

உங்கள் கூடு உருவிக்கொள்வதற்குக் காரணம் பூட்டு அல்ல. வளையத்தின் அளவு, அல்லது வளையத்துக்கும் கூட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி. விரைப்பைக்குப் பின்னால் வளையம் உட்காரும் இடத்தில் நூலைச் சுற்றி அளந்து, 3.14ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். அந்த அளவில் வழவழப்பான வளையத்தை வாங்குங்கள். மாட்டிய பிறகு சுண்டுவிரல் நுழைய வேண்டும். துளையிடுவது, அரம் போடுவது எல்லாம் கூர்விளிம்பையும் விரிசலையும்தான் தரும்; விரிசல் தோலைக் கவ்வும். இவ்வளவு செய்தும், பிடிவாதமாக முயன்றால் பெரும்பாலான கூடுகளிலிருந்து உருவிக்கொள்ளலாம் என்பதே உண்மை.

ஆகவே திறக்கவே முடியாத பூட்டைத் தேடாதீர்கள். திறந்தால் தெரிந்துவிடும் பூட்டு போதும். மின்மீட்டரில் முத்திரை வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல, எண் பொறித்த சிறிய பிளாஸ்டிக் முத்திரைகள் கிடைக்கின்றன. எண்ணை மனைவி குறித்து வைத்துக்கொள்ளட்டும். ஆபத்தென்றால் கத்தரிக்கோலால் ஒரே வெட்டு.

செயலி வழியே இயங்கும் பூட்டுகளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சீன நிறுவனமான சியூயியின் ‘செல்மேட்’ கருவியில், இணையத்தில் யார் வேண்டுமானாலும் பூட்டிவிடக்கூடிய ஓட்டை இருப்பதை 2020 அக்டோபரில் பிரிட்டனின் பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். கையால் திறக்கும் மாற்று ஏற்பாடு அதில் வைக்கப்படவில்லை. பின்னர் இணையத் திருடர்கள் அந்த ஓட்டை வழியே சிலரைப் பூட்டிவைத்து 0.02 பிட்காயின் கேட்டு மிரட்டவும் செய்தார்கள்.

புது வளையம் வந்ததும் முதலில் பகலில் சில மணி நேரம் மட்டும் அணிந்து பாருங்கள். தோல் குளிர்ந்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ உடனே கழற்றுங்கள். கழலவில்லை என்றால் எந்த நேரமானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மனைவியும் உடன் வரட்டும்.