மெர்லோ: இரண்டு போத்தல், இரண்டு குணம்

கேள்வி: இத்தாலியின் பலெர்மோவில் இருக்கும் மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது இரண்டு போத்தல் மெர்லோ வைன் கொண்டுவந்தார். வெனெட்டோ என்று போட்டிருந்தது லேசாக இறங்கியது, தொஸ்கானா என்று போட்டிருந்தது நாக்கைப் பிடித்து இழுத்தது. ஒரே பழம்தானே, எது கலப்படம்?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: பாவம், மைத்துனரைச் சந்தேகிக்காதீர்கள், இரண்டும் அசலாகத்தான் இருக்கும். மெர்லோ பிரான்சின் போர்தோ பகுதித் திராட்சை, 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் வடகிழக்குக்கு வந்து ஊன்றிக்கொண்டது. அந்த வடகிழக்கில் இருக்கும் வெனெட்டோ சமவெளியில் கொடியை நிறையக் காய்க்க விட்டு, அதிகம் காத்திருக்காமல் போத்தலில் அடைத்துவிடுவார்கள், அன்றாடச் சாப்பாட்டோடு குடிக்கிற சரக்கு அது. நடு இத்தாலியில் இருக்கும் தொஸ்கானாவின் கடலோரத்தில், குறிப்பாக பொல்கெரி பக்கம், கதையே வேறு: நல்ல வெயில், களிமண், காய்ப்பைக் குறைத்து, ஓக் பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறவிட்டு எடுப்பதால் நிறம் இருண்டு, வனிலா வாசம் ஏறி, அல்ககோல் 14 சதவீதத்தைத் தாண்டிவிடும். 1980களில் அங்கே தொடங்கிய மசெத்தோ இன்று உலகின் விலையுயர்ந்த வைன்களில் ஒன்று (விலையைக் கேட்காதீர்கள், தலை சுற்றும்). நாக்கை இழுத்தது டானின் என்ற துவர்ப்புப் பொருள். கடும் சாயத்தில் ஊற்றிய பிளேன்டி வாயை வறட்டுமே, அதே சங்கதிதான், பழுது இல்லை.

லேபிளில் ஐ.ஜி.டி. (எந்தப் பகுதி வைன் என்று காட்டும் இத்தாலிய வகுப்பு) என்று இருந்தால் மட்டமான சரக்கு என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 1992இல் சட்டம் கொண்டுவந்த அந்த வகுப்பில் தொஸ்கானாவின் மிக நல்ல மெர்லோக்களும் இருக்கின்றன.

ருசிக்கும்போது கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். முதலில் அசைக்காமல் மணந்து, பிறகு சுழற்றி மணந்து, ஒரு வாய் எடுத்து சில விநாடி வைத்திருங்கள். பிளம்ஸ், கறுப்புச் செர்ரி என்று புத்தகங்களில் எழுதியிருப்பதை மூக்கு கண்டுபிடிக்காவிட்டால் கவலை வேண்டாம், நாவற்பழம் ஞாபகம் வந்தால் நாவற்பழம் என்றே சொல்லுங்கள்.

கேள்வி: சிவப்பு வைனை பிரிட்ஜில் வைக்கவே கூடாதாமே?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அறை வெப்பநிலையில் குடி என்பது ஐரோப்பியக் குளிர்வீட்டுக்குச் சொன்னது. மெர்லோவுக்கு 16 முதல் 18 பாகை போதும், நம்முடைய அறை 30. அந்தச் சூட்டில் அல்ககோல்தான் முதலில் மூக்கில் ஏறும். ஒன்று, ஒன்றரை மணிநேரம் பிரிட்ஜில் வைத்து எடுங்கள், வெனெட்டோ மாதிரி லேசானதை இன்னும் கொஞ்சம் குளிர்த்தலாம். மிச்சத்தை மூடி உள்ளேயே வையுங்கள், இரண்டு நாளில் முடித்துவிடவேண்டும்.

கேள்வி: ஆட்டிறைச்சிக் கறியோடு சரிவருமா?
- வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் போட்ட கறி என்றால் சரிவராது. அல்ககோல் காரத்தை இன்னும் மூட்டிவிடும், டானின் வாயை வறட்டும், கடைசியில் இரண்டின் ருசியும் தெரியாது. மிளகாயைக் குறைத்து மிளகு போட்டுப் பிரட்டிய, கொழுப்புள்ள இறைச்சி என்றால் தொஸ்கானாவைத் திறங்கள், கொழுப்பும் புரதமும் துவர்ப்பை மழுக்கிவிடும். காரம் இல்லாமல் முடியவே முடியாது என்றால் வெனெட்டோ, நன்றாகக் குளிர்த்தி.